விட்டுப்போன வரி

"பத்து நாளா ஜெபத்துல ஒரு வரியை விட்டுடறாருக்கா," என்றாள் ஆஞ்சலா.

ஜீவனஹள்ளி வீட்டுச் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா அன்னா நிமிர்ந்தாள். "மறந்திருப்பார்டி."

"கல்யாணமான நாள்லருந்து குடும்ப ஜெபத்துல தினம் சொல்றது எப்படி மறக்கும்? உன் முழங்கால் வலிகூட ஞாபகமா வருது. அந்த இடத்துல மட்டும் தொண்டையைச் செருமிட்டுத் தாண்டிடறார்."

"உன் பேரு வர்ற இடமா?"

ஆஞ்சலா அடுப்பைத் தணித்தாள். "போன் வந்தா மாடிக்குப் போயிடறார். சட்டையில ஆயில் வாசனையே இல்ல."

"பீன்யா ஃபேக்டரியில எவளோ இருக்கா. நேராக் கேளு."

"கேட்டேன். ஃபேக்டரியில வேலை ஜாஸ்தின்னு கூசாம சொல்றார். என்கிட்ட பொய் சொல்லுவார். கண்ணை மூடிட்டு ஆண்டவர்கிட்ட சொல்ல அவருக்கு வராது."

அன்று மாலை அவள் கணவன் ஃபிராங்க்ளின் முழங்காலிட்டான். ஆஞ்சலாவுக்காக, பிள்ளைகளுக்காக, அன்னாவின் முழங்காலுக்காக ஜெபித்தான். பிறகு தொண்டையைச் செருமினான். 'நீர் தந்த வேலைக்காக நன்றி' என்ற வரி அன்றும் வரவில்லை.

ஆஞ்சலா கண்ணைத் திறக்காமலே ஜெபத்தைத் தொடர்ந்தாள். "ஆண்டவரே, வேலை போனதை என்னிடம் சொல்ல இவருக்குப் பயம். அந்தப் பயத்தை எடுத்துப்போடும். நாளையிலிருந்து பொய்யாகப் பீன்யாவுக்குக் கிளம்பாமல், வீட்டிலிருந்தே வேறு வேலை தேட உதவி செய்யும்."

பிள்ளைகள் உடனே "ஆமென்" என்றார்கள். ஃபிராங்க்ளினுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.