புதிதாகச் சேர்ந்தவர்கள்: இல்லை

“இந்த இடத்தை மூடிடலாம்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்கம்மா,” என்றார் செயலாளர், எடுத்த எடுப்பிலேயே.

அந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, ஒரு லாரி டிரைவரின் காலை வெந்நீர் பேசினுக்குள் மெல்ல இறக்கிக்கொண்டிருந்தாள். சூடு தாங்குகிறதா என்று அவரிடம்தான் கேட்டாள். சுவரோரப் பெஞ்சில் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். எல்லோரும் சர்க்கரை வியாதியில் காலில் புண் வந்து ஆறாமல் போனவர்கள்.

அறை முழுக்கப் புண் நாற்றம். கைக்குட்டையை எடுக்கலாமா என்று யோசித்தார். பெஞ்சே தன்னைப் பார்ப்பதைக் கண்டு சும்மா இருந்துவிட்டார்.

மிஷனரி சங்கத்தின் தலைமை அலுவலகத்தில் பொறுப்பேற்று அவருக்கு ஒரு வருஷம்தான் ஆகிறது. ஆனால் கறாரான ஆள். பொய்யும் சொல்லமாட்டார், பூசி மெழுகவும் மாட்டார். இந்த இரண்டறை வைத்தியசாலையிலிருந்து மாதாமாதம் தபாலில் வரும் அறிக்கைகளை மொத்தமாக எடுத்துப் பார்த்தார். சபையில் ‘புதிதாகச் சேர்ந்தவர்கள்’ எத்தனை பேர் என்ற கட்டத்தில் பத்து வருஷமாக ஒரே பதில்: இல்லை. இப்படிப்பட்ட இடத்துக்கு மருந்தும் துணியும் அனுப்பி என்ன பிரயோஜனம் என்று கமிட்டியில் எழுந்து கேட்டவரே அவர்தான். அதனால் மூடும் உத்தரவைக் கொண்டுவரும் வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது. இருபத்தேழு வருஷம் இங்கே ஊழியம் செய்த மிஷனரி நர்ஸைக் கையோடு அழைத்துப்போய், சங்கத்தின் முதியோர் இல்லத்தில் விடவும் ஏற்பாடாகியிருந்தது.

அதையும் சொன்னார். தனி அறை, வேளாவேளைக்குச் சாப்பாடு, ஒரு குறையும் இருக்காது என்றார். பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்த அம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“பூட்டு உங்களுது, போட்டுக்கங்க,” என்றாள். “நாளைக்குக் காலையில வாசல்ல வெந்நீர் வைப்போம். புண்ணுக்குக் கமிட்டி முடிவெல்லாம் தெரியாதுங்க.”

செயலாளர் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். வைத்தியத்துக்கு இப்போது ஆயிரம் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஊழியம் என்றால் ஆண்டவரைப் பற்றிச் சொல்வது. சொன்னால் ஒருவராவது சேர்ந்திருக்க வேண்டாமா? இங்கே யாராவது வாயைத் திறக்கிறார்களா, இல்லையா?

“கேட்டா சொல்லுவோம். கேக்காதவங்க காலுக்கும் அதே தண்ணிதான்.” டிரைவரின் விரலிடுக்கைத் துடைத்தபடியே சொன்னாள். “அன்னிக்கு ஆண்டவர் சீஷங்க காலைக் கழுவினப்ப, காட்டிக்கொடுக்கப் போறவனும் அங்கதான் உக்காந்திருந்தான். அது அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சேதானே கழுவினார்.”

எத்தனை மேடையில் பேசிய மனுஷர். கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

அவள் அவரை அதோடு விடவும் இல்லை. சும்மாதானே நிற்கிறீர்கள், அந்தச் செம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றுங்கள் என்றாள். ஊற்றினார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். மூன்றாவது ஆளுக்குள் முக்காலி அவருக்கு வந்துவிட்டது. அவள் பக்கத்திலிருந்து, அழுத்தாதீர்கள், ஓரத்திலிருந்து துடையுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நாற்றம் எப்போது மறந்துபோனது என்று அவருக்கே தெரியாது.

ஐந்தாவதாக வந்தவர் ஒரு தையல்காரர். கால் தண்ணீரில் இருக்க, மனுஷர் குனிந்து செயலாளரையே உற்றுப் பார்த்தார்.

“நாலு மாசமா என் வீட்டுலகூட யாரும் இதைத் தொடல சார். பெத்த புள்ளையே மூக்கைப் பொத்திக்குது. முன்னப்பின்ன தெரியாத நீங்க எதுக்கு சார் தொடுறீங்க?”

செயலாளர் துடைப்பதை நிறுத்தினார். ஆண்டவரைப் பற்றி அவர் ஊரெல்லாம் போய்ச் சொன்னதுதான். ஆனால் யாரும் அவரிடம் வந்து கேட்டதில்லை. மெதுவாக, நாலே வரியில் சொன்னார். தையல்காரர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சேர்ந்துகொள்கிறேன் என்றெல்லாம் சொல்லவில்லை. கட்டுப் போட்டதும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அதில் செயலாளருக்குத் துளி வருத்தமும் இல்லாததுதான் அதிசயம்.

பெஞ்ச் காலியானபோது மணி இரண்டு. அவர் கையைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தார். மூடும் உத்தரவை நாலாகக் கிழித்தார். வேறு தாள் எடுத்து, இந்த இடம் தொடர்ந்து நடக்க வேண்டும், மருந்தும் துணியும் இரண்டு பங்காக அனுப்ப வேண்டும் என்று நிறுத்தாமல் எழுதினார். கமிட்டியில் யார் எதிர்த்தாலும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மனசு நிறைந்திருந்தது.

“ஊழியம்னா என்னன்னு இன்னிக்குத்தாம்மா பாத்தேன். இப்படி ஒரு மிஷனரியைப் போய் முதியோர் இல்லத்துல விடப் பாத்தேனே,” என்று தாளை அவள் பக்கம் நகர்த்தினார். “மிஷனரின்னு இருக்கு பாருங்க, அங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”

அவள் பேனாவைத் தொடவில்லை.

“அங்க நான் எப்படிங்க போடுறது? நர்ஸம்மா ஆண்டவர்கிட்ட போய்ச் சேந்து ஆறு வருஷமாச்சே. மாசாமாசம் அறிக்கையில என் பேரைத்தான் எழுதி அனுப்புறேன், உங்க ஆபீஸ்ல யாரும் பாக்கலை போல,” என்றவள், கொஞ்சம் கூச்சத்தோடு தன் வலது காலை முன்னே நீட்டினாள். அதில் இரண்டு விரல்கள் இல்லை. “நானும் இந்தப் பெஞ்சுல வந்து உக்காந்தவதாங்க. புதுசா சேந்தவங்க கட்டத்துல என்னை எழுதிக்கலாமா கூடாதான்னு யாரைக் கேக்குறதுன்னு தெரியல, அதான் ‘இல்லை’ன்னே போட்டுக்கிட்டு வர்றேன்.”