அச்சாபிலயோ

ஏவா கொண்டு வந்த காகிதம் மேசையில் கொள்ளாமல் விளிம்பைத் தாண்டித் தொங்கியது.

போலந்திலிருந்து வந்த அவள் குடும்பத்தின் வம்சம். அடியில் ஏவா. மேலே, மாதா கோயில் பதிவுகளிலிருந்து தோண்டியெடுத்த பூட்டன்மாரும் பூட்டிமாரும்.

ஜெயமலருக்குச் சிரிப்பு வந்தது. குலம் கோத்திரம் கிளறுவதில் யாழ்ப்பாணத்தாரை மிஞ்ச ஆளில்லை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். ஆனால் நம்மவர்கள் கலியாணப் பேச்சோடு நிறுத்திவிடுவார்கள். இவள் இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

ஏவா உண்மையில் தேடியது ஒருத்தியைத்தான். தனக்கு ஒரு வயதாகும் முன்பே இறந்துபோன தாய், தெரேசா.

காகிதத்தில் பெயர் இருந்தது, தேதி இருந்தது. ஆள் இல்லை.

அந்த ஆளை அறிந்தவர்களில் ஜெயமலர் ஒருத்திதான் இந்தப் பாடன் நகரில் மிச்சம். எண்பதுகளில் அகதிகளைத் தங்கவைத்த வீட்டில் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே குசினி. அடுப்பின் ஒரு பக்கம் பீற்றூட் சூப், மறுபக்கம் சொதி.

தெரேசாவுக்குத் தமிழ் தெரியாது. ஜெயமலருக்குப் போலிஷ் தெரியாது. இரண்டு பேருக்கும் டொச், அதாவது ஜெர்மன், தெரியாது. ஆனாலும் விடிந்தால் பொழுதுபட்டால் கதைதான். பிறகு அப்படியொரு சிநேகிதி ஜெயமலருக்கு வாய்க்கவில்லை.

சுவரில் இருந்த படத்தை ஏவாவுக்குக் காட்டினாள். ஜெயமலரின் மூத்தவன் சயன். அவன் தலையில் காதை மூடிய கம்பளித் தொப்பி, தெரேசா பின்னியது. ஐந்து வயதில் ஒரு காய்ச்சலோடு போய்விட்டான். மேசையில் தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் வேணுகா அதற்குப் பிறகு பிறந்தவள். அண்ணனைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

ஏவா தொப்பியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கைப்பேசியை எடுத்தாள்.

தெரேசா பேசிப் பதிந்து ஊருக்கு அனுப்பிய கசெற் ஒன்று, தேதி எழுதாதது, அங்கே ஒரு பழைய அலுமாரியில் அகப்பட்டிருக்கிறது. முழுக்கத் தன் தாய்க்குச் சொல்லும் நலச்செய்திதான். கடைசியில் மட்டும் ஒரு குழந்தையிடம் ஏதோ கேட்கிறாள்.

என் அம்மா என்னோடு பேசியதில் எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சொல் அது என்றாள் ஏவா. போலந்தில் யாருக்கும் அது விளங்கவில்லை. லித்துவேனியா எல்லைப் பக்கத்துப் பேச்சாக இருக்கலாம் என்று படித்த ஒருவர் வெளுத்துக்கட்டியிருக்கிறார். உங்களுக்கும் தெரியாது என்றால் இனி யாரிடம் கேட்பது?

கைப்பேசி கரகரத்தது. பிறகு தெரேசா வந்தாள். அதே குரல், அதே அவசரம்.

"அச்சாபிலயோ?"

ஒரு குழந்தை ஊம் என்பதுபோல் ஏதோ சொல்லிக் கெக்கட்டம் விட்டுச் சிரித்தது.

அந்தச் சிரிப்பு நான் என்றாள் ஏவா.

வேணுகாவின் வாய் திறந்தது. அச்சாப்பிள்ளையோ என்று யாழ்ப்பாணத் தமிழில் தாய் கேட்டுக் கேட்டு வளர்த்தவள் அல்லவா. மேசைக்கு அடியில் தாயின் கால் அவள் காலை மிதித்தது.

நல்ல பிள்ளையோ என்று கேட்கிறாள் என்று ஜெயமலர் டொச்சில் சொன்னாள்.

எந்த மொழி என்று ஏவா கேட்டாள்.

அந்தக் குசினியின் மொழி என்றாள் ஜெயமலர். பொய் இல்லை.

ஏவா அழுதாள். நாற்பது வயதுப் பெண் சின்னப்பிள்ளை மாதிரிப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள்.

ஜெயமலர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மெல்லத் தமிழில் சொன்னாள்.

"ஏவா அப்ப வயித்துக்குள்ள, வேணு. ஓம் எண்டது உன்ர அண்ணா."

அம்மா என்ன சொல்கிறார் என்று ஏவா கேட்டாள்.

வேணுகா சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு டொச்சில் சொன்னாள், அம்மாவுக்கு இன்னொருமுறை கேட்க வேண்டுமாம்.