நம்ம தட்டு

"டேய், இது நம்ம தட்டுடா!"

அக்கா தன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினாள்.

வேகமாக மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. பிறகு, போனால் போகிறது என்று ஒன்று.

சின்ன வயதில் ஊர் சுற்றிவிட்டு வந்து வீட்டுக் கதவை அப்படித்தான் தட்டுவேன். அம்மாவுக்குத் தெரியாமல் அக்கா திறந்துவிடுவாள்.

இப்போது இருவருக்கும் ஒரே வேலை. பெரிய ஆன்டெனா வைத்து வானத்தை ஒட்டுக்கேட்பது. பூமியைத் தவிர வேறெங்காவது உயிர் இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று எங்கள் தலைவரைக் கேட்டால் உடனே பலகையில் கணக்குப் போடுவார். சாப்பாட்டுக்கு முன் ஒரு விடை வரும், பின் ஒரு விடை.

வானம் இதுவரை வாயே திறக்கவில்லை. கேட்பவர்கள் தூங்கிவிடக் கூடாதே என்று மாதம் ஒருமுறை எங்களில் ஒருவர் பொய்யாக ஒரு சமிக்ஞை தயாரித்து, கணினியில் ரகசியமாக ஏற்றிவிடுவார். யார் ஏற்றுகிறார் என்பது தலைவருக்கு மட்டும் தெரியும். கண்டுபிடித்தால் கைதட்டல். மூன்று முறை கோட்டைவிட்டால் வேலை போய்விடும்.

அக்கா ஏற்கெனவே இரண்டு முறை விட்டிருந்தாள்.

இந்த மாதம் ஏற்றும் முறை என்னுடையது. அவள் தூக்கத்தில்கூடத் தவறவிடாத ஒன்றாகப் பார்த்துத் தயாரித்தேன். மோசடிதான். ஆனால் அக்கா.

தலைவர் வந்தார். ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கேட்டார். கைதட்டினார்.

"பொழைச்சிட்டம்மா," என்றவர் என் பக்கம் திரும்பினார். "போதும் தம்பி, அதை எடுத்துடு."

"சரி சார்" என்று எழுந்தேன். சட்டைப் பையில் ஏதோ உறுத்தியது.

பென்டிரைவ். மூடிகூடக் கழற்றவில்லை. டீ குடித்துவிட்டு வந்து ஏற்றலாம் என்றிருந்தவன், மறந்தே போயிருந்தேன்.

ஸ்பீக்கரில் தட்டல் வந்துகொண்டே இருந்தது. மூன்று. இடைவெளி. ஒன்று.

அக்காவுக்கு வேலை தப்பிய சந்தோஷம். நான் வாயைத் திறப்பதற்குள் விரலை மடக்கி மேசையில் இரண்டு தட்டு தட்டினாள். 'இரு, வர்றேன்' என்று அந்தக் காலத்தில் கதவுக்கு உள்ளிருந்து அவள் தரும் பதில்.

ஸ்பீக்கர் அடங்கியது.

வீட்டில் ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் தட்டுவதை நிறுத்துவார்களே, அப்படி.