இருபது அடிப் பலகை

அறிவிப்புப் பலகைகளை யாரும் படிப்பதில்லை என்று உலகம் நம்புகிறது. இது பெரும் பிழை. ஏரி மீன்கள் ஒரு வரி விடாமல் படிக்கின்றன.

அந்தக் கோடையில் ஏரி வற்றி, அதன் நடுவே நின்ற எச்சரிக்கைப் பலகையின் காலடியில் மட்டும் கணுக்கால் அளவு தண்ணீர் மிஞ்சியது. அதில் பதுங்கியிருந்த விரால் பலகையிடம் கெஞ்சியது.

"அண்ணே, நாளை முதல் மூன்று நாள் விடுமுறை. ஊரே தூண்டிலோடு வரும். 'மீன் பிடிக்காதீர்' என்று மாறிக்கொள்ளுங்களேன்!"

"என்மேல் எழுதியிருப்பது 'ஆழம் இருபது அடி, இறங்காதீர்'. மாற்ற வேண்டுமானால் அலுவலகத்தில் மனுக் கொடு, தம்பி."

"அலுவலகம்வரை தண்ணீர் இல்லையே, அண்ணே!"

கூட்டம் வந்தது. பலகையையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தது. மூன்று நாளும் பலகையோடு படம் எடுத்துக்கொண்டதில் தூண்டிலை எவரும் பிரிக்கவில்லை. விராலுக்கு உயிர் வந்தது.

படங்கள் அதிகாரியின் கண்ணில் பட்டன. செவ்வாயன்று பெயிண்டர் வந்து, 'ஆழம் அரை அடி, இறங்கலாம்' என்று திருத்தினார்.

அடுத்த ஞாயிறு மீன்கூடையோடு வந்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.