மரங்கொத்தி மார்க்

தம்பி மறுபேச்சில்லாமல் பேனாவை வாங்கியதை அண்ணனால் நம்பவே முடியவில்லை.

இருமல் மருந்து அப்பா உண்டாக்கியது. பாட்டிலில் மரங்கொத்திப் படமும் அவர் போட்டதுதான். அவர் போன பிறகு பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் மருந்து காய்ச்சி, அதே படத்தை ஒட்டி விற்றார்கள்.

மருந்தை யார் வேண்டுமானாலும் காய்ச்சட்டும், மரங்கொத்தி எனக்குத்தான் என்று இருவரும் கோர்ட் படியேறினார்கள்.

வாங்குகிறவர்களுக்கு இந்தக் குடுமிப்பிடிச் சண்டை எதற்கு? மரங்கொத்தி இருந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள்.

உயிரே போனாலும் விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்ற தம்பி, நேற்று தானாகவே ஆள் அனுப்பினான். மார்க்கை அண்ணனே வைத்துக்கொள்ளட்டுமாம்.

வலிய வருவதை யாராவது வேண்டாம் என்பார்களா? ஆனாலும் அண்ணனுக்கு மனசுக்குள் என்னவோ நெருடியது. நாளைக்கே, நானும்தானே இத்தனை காலம் விற்றேன் என்று வாலாட்டினால்?

அதனால் பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். இன்றுவரை மரங்கொத்தியோடு கடைகளுக்குப் போன அத்தனை பாட்டிலும் அண்ணனின் சரக்கே. எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு.

வீட்டுக்கு வந்திருந்த வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இது அவசியமா என்று கேட்டார். அவசியம்தான் என்று அண்ணன் அடித்துச் சொன்னார்.

இந்த இடத்தில் தம்பி முரண்டு பிடிப்பான் என்று அவர் காத்திருந்தார். தம்பி அந்த வரியை விரலை வைத்துப் படித்தான். திரும்பவும் படித்தான். பிறகு கையெழுத்துப் போட்டான்.

அண்ணனுக்கு வாயெல்லாம் பல். இவ்வளவு சுலபமா என்று ஒரு சந்தேகமும் எட்டிப்பார்த்தது. அதை அவர் சட்டை செய்யவில்லை. பத்திரத்தை மடித்து வைத்துக்கொண்டு, தம்பியை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த அண்ணனின் மகள் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். குழந்தை இருமியது. தம்பி நிமிர்ந்தான். அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் அவளிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"புள்ளைக்கு நம்ம மருந்து குடுத்துடாதம்மா."

"எங்க தெருக் கடையில வாங்கி முந்தாநாள்ல இருந்து குடுத்துட்டுத்தானே இருக்கேன், சித்தப்பா?"

தம்பி போட்ட செருப்போடு வீட்டுக்குள் ஓடி, குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மேஜைமேல் இருந்த அண்ணனின் கார் சாவியை எடுத்தான்.