காற்று வரும் அறை

அம்மா நீட்டிய மகனின் போட்டோவை வழிகாட்டி ஒரு கணம்தான் பார்த்தார். பெயர்கூடக் கேட்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வாங்க, முதல்ல பீரங்கி மேடை" என்று நடந்தார். மகளுக்குச் சுருக்கென்றது. வெளிநாட்டு வேலையில் கெஞ்சிக் கூத்தாடி நாலு நாள் லீவு வாங்கி அம்மாவை இந்தக் கோட்டைக்குக் கூட்டி வந்திருந்தாள்.

அவர் மனப்பாடமாக ஒப்பித்தார். கடலைப் பார்த்து முப்பது பீரங்கிகள். எதிரிக் கப்பல் பற்றி எரியட்டும் என்று குண்டுகளைப் பழுக்கக் காய்ச்சிய உலை. தீப்பொறி பறக்கக் கூடாதென்று வீரர்கள் வெறுங்காலோடு நுழைந்த வெடிமருந்துக் கிடங்கு.

"இந்தப் பீரங்கி சுட்டதைவிட, இதுமேல உக்காந்து போட்டோ எடுத்துக்கிட்டவங்கதான் ஜாஸ்தி" என்றார். இருவரும் சிரிக்கவில்லை.

அம்மாவுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. இருபது வருடத்துக்கு முன், கடைசிப் போரின்போது, ராணுவம் இந்தக் கோட்டையைச் சிறையாக்கியிருந்தது. கல்லூரி வாசலில் பிடித்துக்கொண்டு போன அவள் மகனை இங்கேதான் அடைத்தார்கள், இங்கேயே இறந்துபோனான் என்று ஒரு கடிதம் வந்தது. உடம்பு வரவில்லை. அவள் கேட்க வந்தது ஒன்றுதான்.

"அவனுக்குப் புழுக்கம் ஆகாது தம்பி. வச்சிருந்த எடத்துல காத்து வந்துச்சா?"

வழிகாட்டி மாடிக்குக் கூட்டிப்போய் ஓர் அறையைக் காட்டினார். சின்ன அறைதான், ஆனால் கடலைப் பார்த்து ஒரு ஜன்னல். மகன் இங்கேதான் இருந்தான் என்றும், படுத்தபடியே கப்பல் போவதைப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். காற்று முகத்தில் அடித்தது. பிறகு திரும்பி அவர் கையைப் பற்றிக்கொண்டாள். "நீ நல்லாயிருக்கணும் தம்பி." அவர் தலை நிமிரவில்லை.

மகள் மட்டும் அறையின் மூலையைக் கவனித்தாள். வாடிய பூங்கொத்துகள், ஏழெட்டு இருக்கும். ஒவ்வொன்றிலும் வேறு வேறு பெயர்.

அம்மாவை ஜன்னலோரமே விட்டுவிட்டு அவரை வெளியே அழைத்தாள். "வர்றவங்க எல்லாருக்கும் இதே ரூம்தானா?"

"ஜன்னல் இருக்கறது இது ஒண்ணுதாம்மா."

சொன்னது பொய் என்பதை அவர் மறைக்கக்கூட இல்லை. பதிவேடுகளை எல்லாம் எரித்துவிட்டார்களாமே, அண்ணன் எங்கே கிடந்தான் என்று இனி யாருக்குத்தான் தெரியும் என்று கேட்டாள்.

அவர் கீழே இறங்கும் படிக்கட்டைப் பார்த்தார்.

"கீழ்த்தளம். அலை ஏறினா மார் வரைக்கும் தண்ணி வந்துரும். நீச்சல் தெரியாது, நீச்சல் தெரியாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

அண்ணனுக்கு நீச்சல் தெரியாதுதான்.

"யார்கிட்ட சொன்னான்?"

"சாவி எங்கிட்டதாம்மா இருந்துச்சு."