மத்தியான மாத்திரை

நோன்பு மாதம். பகல் பன்னிரண்டு மணிக்கு மருமகள் மஹீரா அறைக்குள் தண்ணீர் குடித்து மாத்திரை விழுங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார் பதுருன்னிசா.

“என்ன மாத்திரை அது?”

“பீரியட்ஸ் தள்ளிப்போறதுக்கு, மாமி. முப்பது நோன்பும் பிடிக்கணும்ல.”

ஹஜ்ஜுக்குப் போனபோது பதுருன்னிசாவும் அப்படிப் போட்டவர்தான். ஆனால் நோன்பு பிடிக்கிறவள் பட்டப்பகலில் எதற்கு விழுங்குகிறாள்? கல்யாணமாகி ஐந்து வருஷம், வீட்டில் குழந்தை இல்லை. வேண்டாம் என்றுதான் இவள் திருட்டுத்தனமாக எதையோ போடுகிறாள்.

மறுநாள் மஹீரா குளிக்கப் போன நேரம், அலமாரியிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று அரியாங்குப்பம் வரை பஸ்ஸில் போய், ஒரு மருந்துக்கடையில் நீட்டினார்.

“இது புள்ள உண்டாகாம இருக்கப் போடறதுதானே?”

கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “நேர்மாறும்மா. டெஸ்ட் டியூப் குழந்தைக்குக் கருவை உள்ள வச்சதும் குடுக்கிற ஹார்மோன். கரு கர்ப்பப்பையில ஒட்டி நிக்கணும்ல, அதுக்கு. வேளை தவறக்கூடாது. யாருக்கு?”

கடைக் கடிகாரத்தில் மணி பன்னிரண்டரை. பதுருன்னிசாவின் பையில் போன் அடித்தது.

“மாமி,” என்றாள் மஹீரா. “என் அலமாரியில ஒரு மாத்திரை அட்டை இருந்துச்சு. பாத்தீங்களா?”